சுருட்டுப் பெட்டியும் நான் வாங்கின திட்டும்

நாலு மாசமா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லிக்கலாம். நிஜத்துல எழுதக் கூச்சமா இருந்துச்சு. "பழைய சுருட்டுப் பெட்டியை அழகுப் பொருளாக்குவது எப்படி"ன்னு படத்தோட பதிவு போடறேன்னு வாக்கு குடுத்திருந்தேன் இல்லையா? மன்னிக்கணும் மக்களே, இது அந்தப் பதிவு இல்லை. கிட்டத்தட்ட அதுக்கு எதிர்ப் பதிவு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்சைட்னு ஃப்ளோரிடாவுல டாம்பாவுக்கு அனுப்பி வெச்சாங்க. அங்க ஈபோர் சிட்டின்னு ஒரு பகுதி. விசென்டே மார்ட்டினெஸ் ஈபோர்ங்கற சுருட்டு முதலாளி 1880களில் உருவாக்கின இடம். கியூபா, ஸ்பெயின், இத்தாலின்னு பல ஊர்லேர்ந்து வந்த தொழிலாளிங்க கையாலயே சுருட்டு சுருட்டிப் பிழைச்ச பேட்டை. நானோ உறையூர்க்காரன். 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலயே திருச்சிச் சுருட்டோட சாம்பல் வருது, தெரியுமில்ல? எங்க தாத்தாவும் சுருட்டுத் தொழிலாளிதான். அப்புறம் எப்படிச் சும்மா இருக்கறது, சனிக்கிழமை ஆனா ஈபோர்தான். (நான் புகைக்கிறதில்லை. அம்மா படிச்சா கவனிக்கவும்.)

அங்க கடைகள்ல காலிப் பெட்டியைச் சல்லிசா குடுத்துடுவாங்க. நானும் அள்ளிட்டு வந்தேன். ஒண்ணு பேனா வைக்க, ஒண்ணு சார்ஜர் ஒயர் போட. இன்னொண்ணுல ஒரு கட்டையைச் சொருகி மூணு தந்தி கட்டி கிடார் மாதிரி ஒண்ணு செஞ்சேன். சத்தம் சுமார்தான், ஆனா ஆபீஸ்ல ஒரு வாரம் நான்தான் ஹீரோ. தலைக்கனம் ஏறினது அப்பதான்.

இந்தப் பெட்டிகளுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் செலவுக்காக சுருட்டு மேல வரி போட்டாங்க. வரி ஒழுங்கா வரணும்னா எண்ணத் தெரியணுமே? அதனால சுருட்டைப் பெட்டியில அடைச்சு, முத்திரை ஒட்டித்தான் விக்கணும்னு சட்டம் வந்துச்சு. காலியான பெட்டியில மறுபடி சுருட்டு அடைச்சு விக்கக் கூடாது. விளைவு, நாடு முழுக்க நல்ல மரப்பெட்டிங்க வேலை இல்லாம கிடந்துச்சு.

அதுலயும் ஸ்பானிஷ் சீடர்னா கேக்கவே வேணாம். பேருதான் சீடர், ஆனா அது நம்ம வேப்பமரக் குடும்பத்து மரம். மெல்லிசு, லேசு, பேனாக்கத்திக்கே இளகிக் குடுக்கும், வாசனை வேற. சும்மா இருந்த கைங்க விடுமா? மெல்லிசுப் பலகையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஓரமெல்லாம் 'வி' மாதிரி வெட்டி, படச்சட்டம், தையல் பெட்டி, கடிகாரக் கூடுன்னு செஞ்சு தள்ளிட்டாங்க. இதுக்குப் பின்னாடி 'டிராம்ப் ஆர்ட்'னு பேர் வந்துச்சு, அதாவது நாடோடிக் கலை. ஆனா செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க நாடோடிங்க இல்லை. குடும்பம் குட்டியோட வீட்ல இருந்த சாதாரண ஆளுங்க. சாண்டா ஃபேல இருக்கற சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் 2017ல இதுக்குன்னே ஒரு கண்காட்சி வெச்சு, நாடோடிக் கதையை உடைச்சுக் காட்டுச்சு.

இவ்வளவும் படிச்சுட்டுதான் நான் அந்தத் தப்பைப் பண்ணினேன்.

லீவுக்கு உறையூர் வந்தேன். அப்பாயியோட டிரங்குப் பெட்டிக்குள்ள தாத்தாவோட பழைய சுருட்டுப் பெட்டி. உள்ள ரேஷன் கார்டு, ரெண்டு சாவி, கயிறு போட்டுக் கட்டின மூக்குக்கண்ணாடி. மேல ஒட்டியிருந்த லேபிள் பாதி கிழிஞ்சிருந்துச்சு. மூடியோட உள்பக்கம் பென்சில்ல ஏதோ கிறுக்கல். எனக்குக் கை அரிச்சுது. அப்பாயி கோயிலுக்குப் போன நேரத்துல உப்புத்தாள் போட்டு உள்ளயும் வெளியயும் சுத்தமா தேய்ச்சேன். மயில்கழுத்து கலர்ல ரெண்டு கோட்டிங், மூடி மேல தாமரைப்பூ படம், அதுக்கு மேல வார்னிஷ். சத்தியமா சொல்றேன், பார்க்க அழகாத்தான் இருந்துச்சு.

அப்பாயி கையில வாங்கினாங்க. திறந்தாங்க. மோந்து பார்த்தாங்க. மூடியோட உள்பக்கத்தை விரலால தடவினாங்க.

"இதுல எழுதியிருந்தது எங்கடா தம்பி?"

அது கணக்கு இல்லையாம். பிள்ளைங்க பொறந்த தேதி. தாத்தா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை, வீட்ல அவர் கையெழுத்துன்னு இருந்ததே அதுதான். அப்பா, பெரியப்பா, ரெண்டு அத்தைங்கன்னு நாலு பேர்தானேன்னு கேட்டேன். "அஞ்சு பேரு"ன்னாங்க அப்பாயி. ரெண்டாவதா ஒரு பொண்ணு, பதினோரு நாள்தான் இருந்துச்சாம். அது பொறந்ததுக்கு அந்த மூடியைத் தவிர வேற எந்தக் காகிதமும் கிடையாது. எனக்கு அப்படி ஒரு அத்தை இருந்ததே அன்னிக்குத்தான் தெரியும்.

திட்டெல்லாம் அப்பாகிட்டதான் வாங்கினேன். அப்பாயி ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

நாலு மாசம் யோசிச்சதுல நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். டாம்பாவுல நான் எடுத்த பெட்டிங்க வேலை முடிஞ்சு போன பெட்டிங்க. அந்தக் காலத்து ஆளுங்க வெட்டி அடுக்கினதும் அதே ரகம்தான், சட்டமே அதுங்களை வேலையை விட்டு அனுப்பிடுச்சு. அவங்க செஞ்சது வீட்டுக்கு வேண்டிய பொருள். ஆனா டிரங்குப் பெட்டியில இருந்த பெட்டி காலி இல்லை. ஏற்கனவே வேலை செஞ்சுட்டிருந்துச்சு. ரேஷன் கார்டைக் காப்பாத்துச்சு, ஒரு குழந்தையோட பிறந்த தேதியையும் காப்பாத்துச்சு. மறுசுழற்சியை எங்க தாத்தா எப்பவோ முடிச்சுட்டார். நான் அதை அலங்காரம்னு சொல்லி அழிச்சேன்.

பொட்டி தட்டற பயலுக்கு இது தெரிஞ்சிருக்க வேணாமா? பேக்கப் எடுக்காம ஒரு வரி கோடை அழிச்சா டீம்ல சும்மா விடுவாங்களா?

"பழசையெல்லாம் அப்படியே வெச்சுக்கிட்டா வீடு கொள்ளுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எல்லாத்தையும் வெச்சுக்கச் சொல்லலை. குப்பைக்குக் கிளம்பினதை எடுங்க, வேலையில இருக்கறதை விடுங்க. வீட்டுப் பழைய பொருள்னா பெரியவங்க ஒருத்தரை ஒரு வார்த்தை கேளுங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி உள்ள, வெளிய, அடியிலன்னு எல்லாப் பக்கமும் படம் எடுங்க. லேபிளை உரிக்காதீங்க, உள்பக்கத்துக்கு பெயின்ட் அடிக்காதீங்க. அந்த மரத்தோட வாசனையும் நிறமும் போச்சுன்னா மிச்சம் இருக்கறது வெறும் டப்பா. அப்புறம் கைவினைக் கடைகள்ல 'சுருட்டுப் பெட்டி' மாடல்ல புத்தம்புதுப் பெட்டி செஞ்சு விக்கிறாங்க. அதை வாங்கிப் பழசு மாதிரி ஆக்கிட்டு மறுபயன்பாடுன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

ஒரே ஒரு ஆறுதல். 'முன்பு, பின்பு'ன்னு பதிவுல போடறதுக்காகத் தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்திருந்தேன். சாய்வான கோணம், வெளிச்சமும் போதலை. பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்ததுல மூணு வரி தெரியுது. ரெண்டாவது வரி அதுல இருக்கு. தேதி முழுசாத் தெரியலை, மாசம் ஆடின்னு படிக்க முடியுது. பிரின்ட் போட்டு அப்பாயிகிட்ட குடுத்தேன். அந்த மயில்கழுத்துப் பெட்டிக்குள்ளயேதான் வெச்சிருக்காங்க.

பி.கு: உங்க வீட்டுப் பிஸ்கட் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அடியில யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் வரலாம், பழகிடுச்சு :-)