வண்டின் தோள் அளவு

மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு மாலை, தாராவியில் எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். மேசையின் ஒரு பக்கம் வெட்டிய துணிகள் கிடந்தன. மறுபக்கம் ஓர் அட்டைப் பெட்டி நிறையச் செத்த வண்டுகள். “இது என்ன ஐயா விநோதம்?” என்று கேட்டேன். “எல்லாம் மகளின் படிப்பு” என்றார், பெருமையும் கவலையும் கலந்த குரலில்.

அப்பெண் மாட்டுங்காவிலுள்ள கல்லூரி ஒன்றில் விலங்கியல் பயில்கிறாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண் அவளே. கோடை விடுமுறையில் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றவள், தாத்தாவின் எருக்குழியிலிருந்தும், தோப்பில் மக்கிக் கிடந்த தென்னை மரங்களிலிருந்தும் நாற்பது வண்டுகளைத் திரட்டிப் பஞ்சில் பொதிந்து ரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தாள். தென்னை வைத்திருப்போர் அனைவரும் அறிந்து வெறுக்கும் காண்டாமிருக வண்டுதான் அது. குருத்தைக் குடைந்து, விரியும் ஓலையைக் கத்தரித்தாற்போல் ஆக்கிவிடும் பொல்லாத பூச்சி. எருக்குழியில் வளர்ந்ததும் மரத்தூளில் வளர்ந்ததும் வடிவத்தில் வேறுபடுகின்றனவா என்பதே அவள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கொம்பு நுனி முதல் வயிற்றின் கடைசி வரை நாற்பது வண்டுகளின் நீளத்தையும் அளந்து, அழகாக அட்டவணை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பாராட்டவுமில்லை, கடியவுமில்லை. “இவற்றுள் பத்து வண்டுகளை, பழைய கணக்கைப் பாராமல் நாளை மறுபடியும் அளந்து வா” என்றார். அளந்தாள். முதல் நாள் 42 மில்லிமீட்டர் இருந்த வண்டு மறுநாள் 40 ஆயிற்று. 39 இருந்தது 41 ஆயிற்று. இரண்டு வாரத்து உழைப்பு வீணாயிற்றே என்று பெண் கண்கலங்கி வீடு வந்தாளாம்.

அன்றிரவு தந்தை கேட்ட கேள்வியை நான் மிகவும் மெச்சுகிறேன். “ஏனம்மா, வயிற்றையும் சேர்த்தா அளந்தாய்? உண்ட வயிறு வேறு, உண்ணாத வயிறு வேறு. பழைய வாடிக்கைக்காரர் வந்தால் நான் இடுப்பைத்தான் புதிதாக அளப்பேன். தோளை அளக்க வேண்டியதில்லை, அது எலும்பு. பத்து வருஷத்துக்கு முன் எழுதி வைத்த அளவே இன்றும் சரியாக இருக்கும்.”

ஊசியும் நூலும் கற்பித்த இப்பாடம், பூச்சியியலார் கைக்கொள்ளும் விதியேயாகும். வண்டின் வயிறு முட்டை நிரம்பினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தலையோ குனிந்தும் நிமிர்ந்தும் கிடக்கும். ஆதலால் முழு நீளம் என்பது, அவ்வண்டு செத்தபோது எப்படிக் கிடந்தது என்பதையே பாதி சொல்கிறது. வண்டுக்கும் தோள் உண்டு. தலைக்குப் பின்னுள்ள முன்மார்பின் கெட்டியான கவசமே அது. அதன் மிகுந்த அகலம் ஓர் அளவு. முதுகை மூடும் ஓடு போன்ற மேற்சிறகின் நீளம் மற்றோர் அளவு. புழு வளரும், வண்டாகி வெளிவந்து ஓடு இறுகிய பின் வளர்ச்சி இல்லை. ஆகவே இவ்விரண்டும் வண்டின் ஆயுள் முழுதும் மாறாதவை. செத்த பின்னும் மாறாதவை.

இனிக் கொம்பு. கண்ணைக் கவர்வது அதுதான். ஆனால் அதை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆணின் கொம்பு பொதுவாக நீண்டது எனினும், புழுப் பருவத்தில் வயிறார உண்ணாத ஆண் சிறுத்துப் பிறக்கும். அதன் கொம்பு பெண்ணின் கொம்பைப் போலவே குட்டையாயிருக்கும். ஆணா பெண்ணா என்றறிய வயிற்றின் நுனியைப் பார்க்க வேண்டும். அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். 1892-ஆம் ஆண்டிலேயே பேட்ஸன், பிரிண்ட்லி என்ற இரு ஆங்கிலேயர் மற்றொரு கொம்பு வண்டினத்தின் ஆண்களை அளந்து, அவை நெடுங்கொம்பர், குறுங்கொம்பர் என இரு கூட்டமாகப் பிரிவதைக் காட்டினர். ஆகவே கொம்பைத் தனியே எழுதினால் பயன் குறைவு. முன்மார்பின் அகலத்தோடு ஒப்பிட்டு எழுதினால்தான் அது வடிவத்தைப் பற்றிப் பேசும்.

அளவுகள் எத்தனை வேண்டும்? உடல் பெருத்தால் எல்லாம் பெருக்கும். எனவே ஒரே செய்தியைச் சொல்லும் பத்து அளவுகளைவிட, வெவ்வேறு செய்தி சொல்லும் மூன்று மேலானவை. சேர்ந்தே ஏறியிறங்கும் அளவுகளை இருமுறை எண்ணிவிடாமல், இரு கூட்டங்களுக்கு இடையேயுள்ள தொலைவைக் கணிக்கும் முறையை 1936-இல் வகுத்துத் தந்தவர் நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ். 1962-இல் லூபிஷேவ் என்ற ரஷ்ய அறிஞர், ஒன்றுபோலவே தோன்றும் மூவகைச் சிறு இலை வண்டுகளுள் 74-ஐ எடுத்துக்கொண்டார். பாதத்தின் முதலிரு கணுக்கள், தலையின் அகலம், ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அகலமும் கோணமும் என ஆறே அளவுகளைத் தெரிந்தெடுத்தார். தனித்தனியே நோக்கின் ஓரினம் மற்றோரினத்தோடு கலந்து தோன்றியவை, அளவுகளைச் சேர்த்து நோக்கியபோது பிரிந்து நின்றன. உடலின் நீளம் அந்த ஆறில் இடம்பெறவில்லை என்பதை அன்பர்கள் கருதுக.

அளவுகோல் பிடித்தோர் வண்டோடு நின்றாரில்லை. 1891-இல் ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, மூக்கின் அகலத்தைக் கொண்டே மக்களின் சமூக நிலையை அறியலாம் என எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன் நம் தென்னாட்டு மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து ஏடு நிரப்பினார். அவர்கள் கையிலிருந்த கருவியில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் மூக்கை அளந்து ஒரு மனிதரின் உயர்வு தாழ்வை அறியலாம் என்று எண்ணிய கேள்வியே பிழை. மில்லிமீட்டர் எவ்வளவு துல்லியமாயினும் அப்பிழையைத் திருத்தாது. முதலில் கேள்வி, அதன் பின்னரே அளவு என்னும் முறை பூச்சிக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும்.

நம் தையற்காரர் மகள் இப்போது மூன்றே அளவுகள் எடுக்கிறாள்: முன்மார்பின் அகலம், மேற்சிறகின் நீளம், கொம்பின் நீளம். ஆணையும் பெண்ணையும் தனித்தனி ஏட்டில் எழுதுகிறாள். ஒவ்வொன்றையும் மூன்று நாள், முந்திய எண்ணைப் பாராமல் அளக்கிறாள். வெர்னியர் அளவுகோலில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்போது வேறுபாடு வருவதில்லை. எருக்குழி வண்டும் மரத்தூள் வண்டும் வேறா, ஒன்றா என்பது இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை அவசரப்படுவதாகவும் இல்லை.

நான் விடைபெறும்போது அவள் பெட்டியிலிருந்து ஒரு வண்டை எடுத்துத் தந்தையின் மேசை விளக்கடியில் வைத்தாள். “அப்பா, இதை நீங்கள் அளந்து சொல்லுங்கள், நான் என் ஏட்டைப் பார்க்கமாட்டேன்” என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, மகளின் அளவுகோலைக் கையில் வாங்கினார்.