கப்பலேறும் அரிசி யாருக்கு?

கொட்டாம்பட்டியில் நடந்த நமது தோழர்கள் கூட்டமொன்றில் ஒரு விவசாயி எழுந்து, "அய்யா, 2009ஆம் வருஷத்தில் தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொன்ற தேசத்துக்கு நம் அரிசியைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்களே, இது மானமுள்ளவர்கள் செய்கிற காரியமா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த சிலர் அவரைக் கையமர்த்தி உட்கார வைக்கப் பார்த்தது சரியல்ல. சுயமரியாதைக்காரர் கூட்டத்தில் கேட்காமல் இதை வேறு எங்கே போய்க் கேட்பது? ஆதலால் நமக்குத் தோன்றிய பதிலை இங்கு எழுதுகிறோம்.

2022ஆம் வருஷத்தில் இலங்கை சர்க்காரின் கஜானாவில் அன்னியநாட்டுப் பணம் தீர்ந்து, மருந்து, எண்ணெய், பால் பவுடர் ஒன்றும் வாங்க வழியில்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். அவ்வருஷம் ஏப்ரல் 29ந் தேதி நமது சட்டசபை, 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள், ஆக 123 கோடி ரூபாய்ச் சாமான்களை அனுப்ப மத்திய சர்க்கார் அனுமதி தர வேண்டுமென்று தீர்மானம் செய்தது. மே 18ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடும், 200 டன் பால் பவுடரோடும், 24 டன் மருந்தோடும் கிளம்பி நாலு நாளில் கொழும்பு சேர்ந்தது. பிற்பாடு தூத்துக்குடியிலிருந்தும் சாமான் போயிற்று.

9,000 டன் என்றால் எவ்வளவு? நம்மூர் வழியாகத் திருச்சி - மதுரை ரோட்டில் ஓடுகிற லாரி ஒன்றுக்கு 18 டன் என்று வைத்தால் 500 லாரி வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று முட்ட நிறுத்தினாலும் 5 கிலோமீட்டர் நீளும். அவ்வளவையும் ஒரே கப்பல் சுமந்தது. அப்படியிருந்தும் மொத்தம் 40,000 டன்னையும் அத்தீவின் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 2 கிலோ கூடத் தேறாது. ஆகவே அந்த அரிசி எந்த வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியமான கேள்வி.

ஆரம்பத்தில் இதைத் தமிழர்களுக்கு என்றே அனுப்பப் பேச்சு நடந்தது. அங்குள்ள தமிழர்களே, எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டதாக அன்றைய முதல் மந்திரி தோழர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் சொன்னார். நம் விவசாயித் தோழருக்கு நாம் சொல்லக்கூடிய முதல் பதில் இதுவே. அடிபட்டவனே பொதுவாகக் கொடு என்று சொல்லும்போது, அடிபடாத நாம் வேண்டாமென்று சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்றியும், கொன்றவர்கள் யார், பட்டினி கிடந்தவர்கள் யார்? 2009இல் யுத்த இலாகாவின் காரியதரிசியாக இருந்தவர் கோத்தபய ராஜபக்சே. பிறகு அவரே ஜனாதிபதியானார். அவர் வீட்டு அடுப்பு 2022இல் அணைந்துவிடவில்லை. அணைந்தது சிங்களக் கூலிக்காரன் வீட்டிலும், செம்படவன் வீட்டிலுந்தான். அந்த ஜனங்கள்தான் ஜூலை மாதத்தில் திரண்டு வந்து அவரை நாட்டை விட்டே ஓடச் செய்தார்கள். அவர்கள் குழந்தைக்குப் போன பால் பவுடரைக் கொலைகாரனுக்குக் கொடுத்ததாக எண்ணுவது கணக்குத் தவறாகும்.

நிற்க, தோழரின் கோபத்துக்கும் ஆதாரமில்லாமலில்லை. 2009இல் அய்ரோப்பாவிலுள்ள தமிழர்கள் 884 டன் உணவும் மருந்தும் சேர்த்து, வணங்காமண் என்று பேரிட்டு 'கேப்டன் அலி' என்ற கப்பலில் வன்னி மக்களுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதத்தில் இலங்கைக் கடற்படை அதை மறித்து, சோதித்து, கரையில் இறக்க விடாமல் திருப்பிவிட்டது. கப்பல் சென்னைக்கு வந்தது. சாமான் வேறு கப்பலுக்கு மாறிக் கொழும்பு போய், அங்கும் துறைமுகக் கட்டணம் யார் கட்டுவது என்ற வழக்கில் மாதக்கணக்கில் கிடந்தது. முள்வேலிக்குள் ஜனங்கள் கஞ்சிக்கு வரிசை நின்ற மாதங்கள் அவை! அதற்கு முன் 1987 ஜூன் 3ந் தேதி இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவு கொண்டுபோன 19 படகுகளுக்கும் இதே கதிதான். சமுத்திரத்தைத் தாண்டினவன் ஜாதி கெட்டான் என்று பௌதாயன சூத்திரம் எழுதிவைத்த காலத்திலாவது புரோகிதன் ஒருவன்தான் குறுக்கே நின்றான். இப்போது பீரங்கிக் கப்பலும் நிற்கிறது, சுங்கக் காகிதமும் நிற்கிறது.

கரையில் இறங்கினால் மட்டும் சரியாகிவிடுமா? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாகப்பட்டினம் ஜில்லாவை அழித்தபோது, ஆதிதிராவிடரை நிவாரண முகாமில் தனியே ஒதுக்கினதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாததும் பத்திரிகைகளில் வெளிவந்த சங்கதிகள். பிணத்தைப் பார்த்த மறுநாளே ஜாதியைப் பார்த்த ஜனங்கள் நாம். சிங்களவனைக் குறை சொல்லுமுன் இதையும் ஞாபகத்தில் வைப்பது நல்லது.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கிற்று. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகள் சரிந்தன. மறுபடி கப்பல்கள் போயின. நமது நாட்டுச் சாமான்களும் டிசம்பரில் கடற்படைக் கப்பல்களில் போயின. அந்த மலைச் சரிவில் லயக் காம்பிராக்களில் குடியிருக்கிறவர்கள் யார்? மதுரை, திருச்சி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து தேயிலைக்கும் காப்பிக்கும் போனவர்களின் பேரன் பேத்திகள். 1948ஆம் வருஷச் சட்டத்தால் பிரஜா உரிமை இழந்து, அதைத் திரும்பப் பெற ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தவர்கள். அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீரும். சரிந்த மலையடியிலேயே மறுபடியும் அதே லயத்தைக் கட்டிக் கொடுத்தால் அடுத்த மழைக்கு யார் பொறுப்பு? ஆதலால் இனிப் போகிற கப்பலில் சிமிட்டியும் இரும்பும் கூரைத் தகடும் ஏற வேண்டும். வீடு கட்ட அபாயமில்லாத நிலம் அவர்கள் பேரிலேயே பட்டாவாக வேண்டுமென்று இரண்டு சர்க்கார்களும் பேசி முடிக்க வேண்டும். இறக்கின சாமான் எந்த ஜில்லாவில் யாருக்குப் போயிற்று என்கிற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இம்மூன்றையும் தீர்மானமாக அடுத்த கொட்டாம்பட்டிக் கூட்டத்தில் கொண்டுவர உத்தேசித்திருக்கிறோம். கேள்வி கேட்ட அந்த விவசாயித் தோழரே அதைப் பிரேரேபிப்பாரானால் நமக்கு மிகவும் திருப்தி. மறுத்துப் பேச விரும்பினாலும் மேடை அவருக்கு உண்டு.