கல்வெட்டைப் படிப்பவர் யார்?

வரலாற்றில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால், “வேலை கிடைக்குமா?” என்றே நண்பர்கள் கேட்கின்றனர். நான் கேட்பது வேறு: தில்லியில் வரலாறு பயிலும் தமிழ் மாணவன் மூலச் சான்றைத் தானே படிக்க வல்லவனா?

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலின் விதிகளை விரிவாகக் கூறுகின்றன. அவற்றை ஆங்கில நூல்களில் மட்டும் கண்டு தேர்வெழுதுவது தகுமா? ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் நம் பழைய எழுத்தைக் கற்று, 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியை வெளியிட்டார். தமிழைத் தாய்மொழியாகவே பெற்ற நாம் தயங்கலாமா?

அவ்வெழுத்தைப் படிப்போர் அருகினால், சான்று இருந்தும் வரலாறு ஊமையாகும். நண்பர்களே, விடுமுறையில் ஊர் சென்றால் ஒரு கோயிற்சுவரின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள்! நம் பட்டத்துக்கு அதுவே முதற்பாடம்.