தூக்கிய ஜீப் அலையத்தான் வேண்டுமா?

மதுரைப் பக்கத்து ஜீப்காரர்களிடம் ஒரு தீர்ப்பு ஊன்றிப்போய்விட்டது: "வண்டியைத் தூக்குனா ரோட்டுல அலையத்தான் செய்யும்." கரிசல் சேற்றுக்கும் கண்மாய்க்கரை மேட்டுக்கும் போடி மலைப் பாதைக்கும் தோதாக, பழைய எம்எம் 540, ஜிப்ஸி முதல் புதிய தார் வரை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். பிறகு திருமங்கலம் தாண்டி நான்கு வழிச்சாலையில் வேகம் எண்பதைத் தொட்டால் வண்டி இடமும் வலமுமாக மிதக்கிறது. ஓட்டுபவர் ஓயாமல் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே போகிறார். அதைச் சொன்னால் மேற்படி தீர்ப்பு வரும். கூடவே பெரிய டயர் அப்படித்தான், அலைன்மென்ட் சரியாக இருக்கிறது, ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கலாம், ஸ்டீயரிங் டேம்பர் போடலாம் என்று நான்கு துணைத் தீர்ப்புகளும் வரும். இவை எதுவும் முழுப் பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு காலம் நிற்கின்றன. ஆனால் அலைச்சலுக்கு முக்கியக் காரணம் உயர்த்தியபோது மாறிப்போன சில கோணங்களும், அதற்கு முன்பே தேய்ந்திருந்த சில மூட்டுகளும்தான். இரண்டையும் அளந்து பார்க்க முடியும், சரிசெய்யவும் முடியும்.

முதல் தீர்ப்பு உயரத்தைப் பற்றியது. உயரம் கூடினால் வண்டியின் எடைமையம் மேலே போகும். வளைவில் கூடுதலாகச் சாயும். நேர்ச்சாலையில் சக்கரத்தை நேராக்கும் வேலைக்கும் எடைமையத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. அந்த வேலையைச் செய்வது காஸ்டர் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதும் கைவிட்டு ஓட்டும்போது அது நேராகப் போக உதவுகிறது. ஜீப்பின் முன்சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னும் அதேபோல் பின்சாய்ந்திருக்க வேண்டும். நம்மூர் ஜீப்புகளின் மூதாதையான வில்லிஸில் இந்தச் சாய்வு வெறும் 3 டிகிரி. பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் முன்பக்கம் இருக்கும் பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் அச்சில் கிடைக்கும் உயரம் ஓர் அங்குலம்தான். ஆனால் ஒரு மீட்டர் நீளப் பட்டையின் முன்நுனி சேஸிஸிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அச்சு ஏறக்குறைய 3 டிகிரி முன்பக்கம் சுழல்கிறது. இருந்த காஸ்டர் முழுவதும் போய்விட்டது. அதே ஓர் அங்குலத்தைச் சரியான வளைவுள்ள பட்டையால் உயர்த்தியிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது. உயரம் ஒன்று, விளைவு இரண்டு என்றால் குற்றவாளி உயரமாக இருக்க முடியாது.

"பஸ்ஸும் லாரியும் நீளமானவை, ஜீப் குட்டை, அது அலையும்" என்று இதற்கு மறுமொழி வரும். குட்டை வண்டி தவறுகளை எளிதில் மன்னிக்காது என்பது சரி. ஆனால் சக்கர இடைவெளி உயர்த்துவதற்கு முன்பும் அதேதான். அப்போது அலையாத வண்டி இப்போது அலைந்தால் மாறியதைத் தேட வேண்டும். அப்படி மாறுகிற இன்னொன்று, ஸ்டீயரிங் பாக்ஸின் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கின் சரிவு. அது 5 டிகிரி சரிந்திருந்தால் அச்சு ஐந்து சென்டிமீட்டர் மேலெழும்போது லிங்க் சுமார் 4 மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். 15 டிகிரி சரிந்திருந்தால் 13 மில்லிமீட்டர் தள்ளும். ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுநருக்குப் பதிலாக ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது என்று பொருள். ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியில் டிராக் லிங்க்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருத்தினால் நோய் கூடும். 2020இல் வந்த தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குவதால் அங்கே டை ராடின் சரிவும், முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ அளவும்தான் முதலில் மாறுகின்றன. மூன்று வகை வண்டிக்கும் ஒரே தீர்ப்பு சொல்வது நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது.

டயர் மீதான பழிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பட்டன் பெரிதான மட் டயரின் கட்டைகள் வேகத்தில் நெளியும். நைலான் டயர் ரேடியல் அளவுக்குத் தடம் பிடிக்காது. அகலத்துக்காக வெளியே தள்ளிய ரிம்மோ ஸ்பேஸரோ போட்டால் லாரித்தடம் பதிந்த சாலை சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஆனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது: காற்றைச் சரிபார்த்துவிட்டு, அதே ஹப்புக்குப் பொருந்தும் பழைய கம்பெனி சக்கரங்களை ஒரு காலை நேரத்துக்கு மாட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டினால் போதும். அப்போதும் அலைந்தால் பழி டயர்மேல் இல்லை. பல வண்டிகளில் மணலுக்காக இறக்கிய காற்றை மறுபடி ஏற்றாததே பாதி நோய். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

அலைன்மென்ட் தாளைக் காட்டி வாதத்தை முடிப்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தத் தாளில் காஸ்டர் என்ன? முழு அச்சு கொண்ட ஜீப்பில் கடைக்காரர் திருகித் திருத்தக்கூடியது டோ மட்டுமே. அது பச்சையில் நிற்கும். காஸ்டர் வரி சிவப்பிலேயே கிடக்கும், "இதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது" என்ற விளக்கத்தோடு. திருத்தத் திருகு இல்லை என்பது உண்மை. வழியே இல்லை என்பது உண்மையில்லை. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு அல்லது நான்கு டிகிரி ஆப்புத் தகடு வைத்து, நீளமான சென்டர் போல்ட்டோடு யூ போல்ட்டை முறையாக இறுக்கினால் இழந்த கோணம் திரும்பும். இதிலும் ஒரு விலை உண்டு: அச்சு பின்சுழலும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கு தாழ்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் கூடுதலாக மடங்கும், அளவு மீறினால் ஃபோர் வீலில் அதிர்வு வரும். அதனால்தான் எத்தனை டிகிரி போயிற்று என்று அளக்காமல் தகடு வைக்கக் கூடாது.

பாக்ஸை இறுக்குவது பெரும்பாலும் முதல் வைத்தியமாக நடக்கிறது; அது கடைசியாக வர வேண்டியது. பாக்ஸின் மேல்திருகை அதிகம் இறுக்கினால் நடுநிலையில் பற்கள் கவ்விக்கொள்ளும். திருப்பிய சக்கரம் தானாகத் திரும்பாமல் நிற்கும். ஓட்டுநர் மறுபக்கம் திருத்துவார், அங்கேயும் நிற்கும். ஆட்டத்தை எடுக்கப் போய் அலைச்சலையே வாங்கிக்கொண்ட கதை. சரியான சோதனைக்கு இரண்டு பேர் போதும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு டை ராட் முனையையும், இரண்டு உறுப்புகளிலும் படும்படி விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று அசைந்த பின் மற்றது தாமதித்து அசைந்தால் அந்த இடைவெளியை விரல் சொல்லிவிடும். பாக்ஸ் சேஸிஸில் உட்காரும் போல்ட், பட்டையின் புஷ், பின்னச்சின் யூ போல்ட் எல்லாம் இந்தச் சோதனையில் சேர வேண்டும். பின்னச்சு நகர்ந்தாலும் அலைவது முன்பக்கம் போலத்தான் தெரியும்.

டேம்பர் போடச் சொல்பவர்கள் இரண்டு நோய்களைக் குழப்புகிறார்கள். பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உடைப்பதுபோல் உதறுவது வேறு. சத்தமில்லாமல் அலைவது வேறு. டேம்பர் வேகமான அசைவைத் தடுக்கும், உதறலை மறைக்கும். சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவரும் விசை அதில் இல்லை. காஸ்டர் இல்லாத வண்டியில் அது திரும்பி வருவதை இன்னும் மந்தமாக்கலாம்.

பழி போட ஆடிக்காற்றும் சாலை வாட்டமும் மிச்சம். இரண்டும் ஒரு பக்கமாகவே தள்ளும். மெக்கானிக் மொழியில் அது "இழுக்குது", "அலையுது" அல்ல. காற்றில்லாத விடியலில் இரண்டு பக்கமும் அலைந்தால் கோளாறு வண்டியில். "தூக்காமலே இருக்கலாமே" என்ற வாதம் இவற்றைவிட வலுவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கமும் தயாரிப்பாளர் வடிவத்தை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆனால் பழைய உயரத்துக்கு இறக்கினாலும் தேய்ந்த பால் ஜாயின்ட் தேய்ந்ததுதான். நோய் என்னவென்று பார்ப்பது அப்போதும் பாக்கி.

ஆகவே செலவின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: காற்று, மூட்டுகள், காஸ்டர், லிங்க்கின் சரிவு, டோ, எல்லாம் சரியான பின் பாக்ஸ். முன்னது சரியாகாமல் பின்னதைத் தொட்டால் பணமும் போகும், காரணமும் மறையும். "அது அப்படித்தான்" என்று சொல்லும் பட்டறையிடம் காஸ்டர் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். எண் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால் அவர்கள் இன்னும் வண்டியைப் பார்க்கவே தொடங்கவில்லை.