நினைவுக்கு உரிமையாளர் யார்?

அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வானிற் பறக்கும் வீரனுக்காகவும் முகமூடி தரித்த கோடீசுவரனுக்காகவும் வளர்ந்த மனிதர் வருந்துவதும் ஒரு வருத்தமா என்று அவர்கள் கேட்பர். நாம் அவ்வாறு கேட்கமாட்டோம். உழைப்பாளி ஒருவன் மாதந்தோறும் காசை எண்ணிக் கொடுத்து வாங்கிய கதையை முப்பது, நாற்பது ஆண்டுகள் நெஞ்சிற் சுமந்திருக்கிறான். அக்கதை உயர்ந்ததா, மட்டமானதா என்பது வேறு வழக்கு. அதனை நடவாததென்று ஒரு கம்பெனி அறிவிக்கலாமா என்பதே நமது வழக்கு.

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் டி. சி. கொமிக்ஸ் நிறுவனம் அவ்வாறே அறிவித்தது. வீரர் கதைகளை நிறுத்தி, 52 தொடர்களை முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கியது. 1938 முதல் வெளிவந்து 904ஆம் இதழை எட்டியிருந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' மீண்டும் 1 ஆயிற்று. 1996இல் லொயிஸ் லேனை மணந்த சுப்பர்மன் மணமாகாதவனானான். ஆனால் நன்றாக விலைபோய்க்கொண்டிருந்த பேட்மனின் பழைய வரலாறோ பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் கல்லாப்பெட்டி தீர்மானித்தது.

இவற்றுள் நம்மை மிகவும் உறுத்துவது பார்பரா கோர்டனின் கதை. பேட்கேர்ள் என்ற பெயரிற் சாகசம் புரிந்த இப்பெண்ணை, 1988இல் வெளிவந்த 'கில்லிங் ஜோக்' என்ற நூலில் ஜோக்கர் என்னும் கொடியவன் சுட்டுவீழ்த்துகிறான். அவள் கால்கள் செயலிழக்கின்றன. தந்தையின் மனத்தைச் சிதைப்பதற்காக மகளைச் சுடும் இழிந்த உத்தி அது. ஆனால் கிம் யேல், ஜோன் ஒஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளத் தம்பதியர் அவளை அப்படியே கைவிட்டுவிடவில்லை. 1989 முதல் அவள் 'ஒரக்கிள்' ஆனாள். சக்கர நாற்காலியில் இருந்தவாறே அறிவின் வலிமையால் வீரர் அனைவருக்கும் வழிகாட்டினாள். செத்தவரெல்லாம் உயிர்த்தெழும் அந்த மாய உலகில், அவள் ஒருத்தி மட்டும் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தன் உடலின் நிலையோடு வாழ்ந்தாள். சக்கர நாற்காலியில் வாழும் வாசகர் அவளைத் தம்மவளாகக் கண்டது இதனாலேயே. 2011இல் அவள் எழுந்து நின்றாள். மீண்டும் பேட்கேர்ள் ஆனாள். குணமடைந்தால் மகிழவேண்டாமா என்று கேட்பது எளிது. அவ்வாசகர் கேட்டது குணமன்று, துணை.

"பழைய இதழ்கள் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றனவே, யார் பறித்தார்?" என்பர் கம்பெனிக்காக வாதாடுவோர். வான்மீகத்தைக் கம்பன் மாற்றிப் பாடவில்லையா என்று நம்மவர் சிலரும் சேர்ந்துகொள்ளலாம். கம்பன் மாற்றினான்; ஆனால் வான்மீகம் இனிச் செல்லாது என்று எவரும் முத்திரை குத்தவில்லை, இனி எவரும் அவ்வாறு பாடலாகாது என்று தடுக்கவுமில்லை. தொடர்கதையின் உயிர் அடுத்த இதழில் இருக்கிறது. அந்த அடுத்த இதழை எழுதும் உரிமை ஒரே கையிற் குவிந்திருக்கிறது.

அந்தக் கை எவ்வாறு உரிமை பெற்றது? ஜெரி சீகல், ஜோ சஸ்டர் என்ற இரு இளைஞரிடமிருந்து 130 டொலருக்குச் சுப்பர்மனை வாங்கிப் பெற்றது. படைத்தவனுக்கு 130 டொலர் எறிந்த சட்டம், படித்தவனின் நினைவுக்கு என்ன மதிப்புக் கொடுக்கும்?

வாசகரும் முற்றிலும் குற்றமற்றவரல்லர். முதலாம் இலக்கம் என்றால் சேகரிப்போர் முண்டியடித்து வாங்குவர் என்பது வியாபாரிக்குத் தெரியும். 1992இல் சுப்பர்மன் 'இறந்த' இதழை, நாளை விலை ஏறும் என்று ஒருவரே பல பிரதிகள் வாங்கிப் பதுக்கிய கூத்தும் நடந்தது. புதிய நிறத்தவரும் பெண்டிரும் வீரராக வருவதையே பொறாது, 'பழைமையைக் காக்கிறோம்' என்று கூச்சலிடுவோரும் உளர். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை.

2016இல் கம்பெனி சற்றே இறங்கி வந்தது. அவ்வாண்டு வெளியிட்ட 'றீபேர்த்' என்ற இதழில், வீரர்களின் வாழ்விலிருந்து யாரோ பத்தாண்டுகளைத் திருடிவிட்டதாகக் கதை எழுதிற்று. திருடன் யார்? தன் பெயரையா எழுதும்! அலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த 'வொச்மென்' கதையின் டொக்டர் மன்ஹற்றன் தலையிற் பழி விழுந்தது. அந்நூலின் உரிமை தம்மிடம் திரும்புமென்று அவ்விருவரும் நம்பியிருந்தனர், அது திரும்பவேயில்லை.

மனைவியுள்ள சுப்பர்மன் அவ்வாண்டு திரும்பினான். பார்பராவின் நாற்காலி திரும்பவில்லை. 'அக்ஷன் கொமிக்ஸ்' 957 என்ற இலக்கத்துடன் வந்தது: பழைய 904உடன் இடையில் வந்த 52ஐயும் கூட்டி, அடுத்ததைப் போட்டார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் செல்லாதென்று தள்ளிய இதழ்கள் எண்ணிக்கைக்கு மட்டும் செல்லுபடியாயின. அந்தக் கணக்கின்படி 2018 ஏப்ரிலில் 1000ஆவது இதழ் கடைக்கு வந்தது. விலை 7 டொலர் 99 சதம்.