கரிசல் நிலத்து நடைவழிகள்

‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டு என்பதை இளங்கலை முதலாண்டு மாணவரும் அறிவர். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், பெறச் செல்வானுக்கு வழி கூறுவதாக அமைந்தவை அவை. அவற்றுள் மலைபடுகடாம் எனப்படும் கூத்தராற்றுப்படையை வழிநடைக் கையேடு என்றே கொள்ளலாம். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, வழுக்குப் பாறையை எவ்வாறு கடப்பது, எங்கே தங்கலாம், என்ன உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்தின் ஏரிநாட்டு மலைகளுக்கு ஆல்பிரட் வெயின்ரைட் 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வழிநூல் எழுதினார். அந்நாட்டார் இன்றும் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கின்றனர். நம் வழிநூலோ ‘பாட்டுடைத் தலைவன் யார்?’ என்னும் இரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கின்றது.

ஆங்கில நாட்டுப்புறத்தின் காட்டுவழிகளும் கால்வாய்க்கரை வழிகளும் உலகப் புகழ் பெற்றவை. கால்வாய்க்கரை வழிகள் நடப்பவர் இன்பத்திற்காக அமைக்கப்பட்டவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் சரக்கும் ஏற்றிய படகுகளைக் குதிரைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தன. அக்குதிரைகள் நடந்த தடமே பாதையாயிற்று. 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் இவ்வகையில் முன்னோடி. புகைவண்டி வந்தபின் படகுத் தொழில் நலிந்தது, குதிரை போயிற்று, தடம் மட்டும் எஞ்சியது. அதை மண்மூடவிடாமல் மக்கள் நடைவழியாக்கிக்கொண்டனர். இலண்டனிலிருந்து பர்மிங்காம் வரை கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டிய நெடுவழி 1993இல் திறக்கப்பட்டது.

இயற்கை எழிலைக் காட்டிலும் அங்கு நாம் கற்கத்தக்கது சட்டமே. இங்கிலாந்திலும் வேல்சிலுமாகச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பொதுவழிகள் பதிவாகியுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தனியார் வயல்களின் ஊடே செல்பவை. நிலம் ஒருவருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. வயலைக் குறுக்கே கடக்கும் ஒற்றையடிப் பாதையை உழவர் பருவத்தில் உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அதனை மீண்டும் நடக்கத்தக்கதாகச் செப்பனிட்டுத் தருதல் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. ஒருகால் பொதுவழியானது என்றும் பொதுவழியே. பல்லாண்டுகள் எவரும் நடவாதிருந்தாலும் உரிமை அழிவதில்லை என்பது அந்நாட்டுப் பழஞ்சட்ட நெறி.

இவ்வுரிமையும் எளிதில் வந்ததன்று. பெருநிலக்கிழார் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டு நிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர் சில நூற்றுவர் தடையை மீறி நடந்தனர். முன்னின்ற பென்னி ராத்மன் உள்ளிட்ட ஐவர் சிறை சென்றனர். பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1949இல், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லையிலுள்ள நடைவழிகளை வரைபடத்தில் குறித்தே தீரவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது.

இதைப் படித்து வியக்கும் நாம் ஒன்றை மறத்தலாகாது. நடக்கும் உரிமைக்காக நம்மவர் சிறை புகுந்தது அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே. 1924இல் தொடங்கிய வைக்கம் அறப்போர், கோயிலைச் சுற்றிய தெருக்களில் மனிதர் நடப்பதற்காக நிகழ்ந்தது. தந்தை பெரியார் அதில் இருமுறை சிறைப்பட்டார். ஆங்கிலத் தொழிலாளி கேட்டது ஞாயிற்றுக்கிழமை காற்று. நம்மவர் கேட்டது மனிதராக மதிக்கப்படுதல். நம் நாட்டில் வழி பற்றிய பேச்சு எதுவும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குதல் தகும்.

இனிக் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்திற்கு வருவோம். கால்வாய் பாயாத மண் இது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நனைந்தால் உப்பிக் களியாகிக் காலைப் பற்றிக்கொள்ளும் இம்மண், கோடையில் சுருங்கி ஆளின் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். எனவே நம் முன்னோர் மழைக்கு ஒரு வழி, வெயிலுக்கு ஒரு வழி எனத் தேர்ந்து நடந்தனர். மழைக்காலத்தில் கண்மாய்க் கரையும் மேட்டுச் செவலும் வழி. கோடையில் வறண்ட ஓடைமணலே வழி. இடைசெவல் என்னும் ஊர்ப்பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கருமண்ணுக்கு இடையே செம்மண் திட்டு. சகதியில் உழன்று வருபவன் கால் உதறி நிற்பதற்கு ஏற்ற நிலம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923ஆம் ஆண்டு ஒன்றிலேயே பிறந்த ஊர் அது. அவர்தம் கதைமாந்தருள் எத்தனை பேர் நடந்துகொண்டே பேசுகின்றனர் என்று எண்ணிப் பார்த்தால், கரிசல் இலக்கியத்தின் பெரும்பகுதி பாதையில் விளைந்தது என்று கூறத் தோன்றும்.

பாதைகள் தனித்தும் இருந்ததில்லை. பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்ணின் நினைவாக நிறுத்திய சுமைதாங்கிக் கல், கோடைத் தண்ணீர்ப் பந்தல், நிழலுக்கு வேம்பு, அடையாளத்திற்குப் பனை என வழிநடை ஓர் ஒழுங்கோடு அமைந்திருந்தது. மதுரையிலிருந்து தெற்கே சென்ற பெருவழியை மங்கம்மாள் சாலை என்று முதியோர் இன்றும் கூறுவர். எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அடங்கிய இடமும் பாரதியார் பிறந்த இல்லமும் ஒரே ஊரில் நடந்து காணும் தொலைவில் உள்ளன. சீறாப்புராணம் பாடியவர் எட்டயபுரத்திலிருந்து சீதக்காதி வாழ்ந்த கீழக்கரை சென்றாரென்றால், இக்கரிசலும் அதற்கப்பால் உள்ள உவர்நிலமும் கடந்தே சென்றிருத்தல் வேண்டும்.

இவ்வழிகள் இன்று எந்நிலையில் உள்ளன? வருவாய்த்துறை ஏடுகளில் உள்ளன. ‘வண்டிப்பாதை’, ‘ஓடை’ எனப் புறம்போக்கு வகையில் அவற்றுக்குப் புல எண் உண்டு. புலப்படத்தில் கோடும் உண்டு. நிலத்தில் தேடினால்தான் காணோம். ஏர் உழுதபோது வரப்பில் நின்ற மாடு பாதையைக் காத்தது. டிராக்டர் அதையும் சேர்த்து உழுதுவிடுகின்றது. ஆண்டுக்கு ஒரு சால் உள்ளே வந்தால் பத்தாண்டில் வண்டிப்பாதை ஒற்றையடிப் பாதையாகும். பிறகு அதுவும் வரப்பாகும். உழாத இடத்தைச் சீமைக்கருவேல் அடைத்துக்கொள்கின்றது. காற்றாலைக்கும் சூரிய மின்பலகைக்கும் தொகுத்து வாங்கும் நிலங்களுக்குக் கம்பிவேலி இடும்போது நடுவில் கிடக்கும் பாதையைப் பிரித்து விடுவோர் அரியர். வேலி இட்டவரைக் குறைகூறுவது எளிது. பாதை எங்கே என்று கேட்கும் ஊரார் இல்லாதபோது அவர் யாருக்காக விட்டு வைப்பார்?

சட்டம் என்ன கூறுகின்றது? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக நடந்த வழிக்குப் பாதுகாப்பு உண்டு. அரசு நிலமாயின் 30 ஆண்டுகள். ஆனால் அவ்வழக்கம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய ஈராண்டு எல்லைக்குள் வரை நீடித்திருத்தல் வேண்டும். நடப்பதை விட்டவன் உரிமையையும் இழக்கின்றான். மேலும் ஒரு நிலத்தைத் துய்ப்பதற்குத் துணையாகவே அச்சட்டம் மற்றொரு நிலத்தில் இத்தகைய வழியைத் தருகின்றது. நிலமே இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்? அவனுக்கு எஞ்சுவன ஊர் வழக்காறும் புறம்போக்குப் பாதையுமே. அப்பாதை மறைந்தால் இழப்பு முதலில் அவனுக்கே.

யார் அவர்? விடியலில் களையெடுக்கச் செல்லும் பெண்கள், கிடைமாறும் ஆட்டிடையர், விறகு பொறுக்கும் முதியவள். இவர்களோடு, குடியிருப்புக்கும் இடுகாட்டிற்கும் நடுவே பிறர் நிலம் கிடக்கின்ற மக்களையும் சேர்த்துக்கொள்க. பிணத்தைச் சுமந்து பயிர் நின்ற வயலோரம் தயங்கி நிற்கும் செய்தி தமிழகத்தின் ஏதேனும் ஒரு மூலையிலிருந்து இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆகவே நடைவழி என்பது ஓய்வு நேர இன்பம் எனக் கருதி ஒதுக்குவோர் கரிசல் நிலத்தை அறியாதவர் என்பேன்.

‘இன்று யார் நடக்கின்றார்? வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதே’ என்பர் சிலர். பாதி உண்மை. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூர் செல்லும் அடியார் கூட்டத்தைப் பாருங்கள். பல ஊர்களிலிருந்து நடந்து வரும் அவர்கள், நள்ளிரவில் முதுகில் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொண்டு, நான்குவழிச் சாலையில் சரக்குந்துகளின் ஓரமாகச் செல்கின்றனர். நடப்போர் குறையவில்லை, அவர்கள் நடக்கும் இடம் மாறிவிட்டது. ஊர்ப்பாதை அழிந்த இடங்களில் பள்ளிப் பிள்ளைகளும் அதே நெடுஞ்சாலை ஓரத்திற்கே வந்து சேர்கின்றனர்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழிகளை அறிவித்தது. பாராட்டத்தக்கதே. எனினும் அவை பெரும்பாலும் மலைகளைச் சார்ந்தவை. கட்டணம் செலுத்தி, வழிகாட்டியோடு செல்பவை. குருமலைக் காப்புக்காடு போன்றவற்றில் இசைவின்றி நுழைதல் கூடாது என்பதும் முறையே. மானுக்கும் தன் வழி வேண்டுமன்றோ! கரிசல் நிலத்திற்கு வேண்டுவது வேறு. கண்மாய்க் கரைகளையும் வண்டிப்பாதைகளையும் ஊர்தோறும் கண்டெடுத்துக் கல் நாட்டுவதே அது. புதிதாக நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றது. பொது நிலங்களை மீட்க உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் மாநிலங்களுக்கு ஆணையிட்டும் இருக்கின்றது.

இப்பணியைத் தமிழ்த்துறை மாணவர் தொடங்கலாம் என்பது என் கருத்து. கள ஆய்வு என்னும் பெயரில் ஆண்டுதோறும் நாட்டுப்புறப் பாடல் தொகுக்கச் செல்கின்றோம். அதே ஊரில் ‘இந்தப் பாதைக்கு என்ன பெயர்? எங்கே போயிற்று?’ என்று முதியோரிடம் இரு வினாக்கள் கூடுதலாகக் கேட்கலாம். அவர் கூறுவதைக் கிராம வரைபடத்தோடும் ‘அ’ பதிவேட்டோடும் ஒப்பிட வேண்டும். பின் புல எண்ணோடு எழுதி ஊராட்சியில் கொடுத்து, கிராம சபைத் தீர்மானமாக்குமாறு வேண்ட வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபை அது. தெருவிளக்கும் குடிநீரும் பேசியபின் ஒரு பாதைக்கு நேரம் கிடைக்காமல் போகாது. பெயர்கள் சேகரமானால் சொல்லாய்வாளருக்கும் அது நல்ல விருந்து.

களத்திற்குச் செல்ல ஏற்றவை மார்கழியும் தையும். கண்மாயில் நீர் இருக்கும். உளுந்தும் பாசியும் காய்த்து நிற்கும். மண் இறுகியும் வெடிக்காமலும் இருக்கும். பயிரை மிதிக்காமல் வரப்போரம் செல்க. நிலத்துக்காரர் எதிர்ப்பட்டால் முதலில் வணக்கம் கூறிப் புலப்படத்தைப் பின்னர்க் காட்டுக. ஏப்ரல் மாத ஆய்வு மட்டும் வேண்டா. கரிசல் வெடிப்பில் கணுக்கால் சுளுக்கியவர் அடுத்த ஆண்டு வருவதில்லை.