சாந்திநிகேதனத்தில் இரண்டு நாட்கள்

பூஜை விடுமுறையும் அதனைத் தொடர்ந்து குளிர்காலமும் அணுகும்போது, கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்களில் ‘இம்முறை எங்கே போகலாம்?’ என்னும் பேச்சு எழுவது இயல்பு. கோடை விடுமுறையைப் பற்றி விவாதத்திற்கு இடமில்லை. கோரமண்டல் வண்டியிலோ சென்னை மெயிலிலோ இடம் கிடைத்துவிட்டால், பாட்டி வீடு, குலதெய்வக் கோயில், உறவினர் கல்யாணம் என்று அது கழிந்துவிடும். இரண்டு நாள், மூன்று நாள் விடுமுறைகளில்தான் நாம் வங்காளத்தைப் பார்க்கிறோம். அவற்றையும் பெரும்பாலும் புரிக்கும் திகாவுக்குமே கொடுத்துவிடுகிறோம்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட ஊர் சாந்திநிகேதனம். ஹௌராவில் காலையில் ரயிலேறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் போல்பூர் வந்துவிடும். ‘அதை நாங்கள் பார்த்தாயிற்றே!’ என்று பல அன்பர்கள் சொல்லக் கூடும். காலையில் சென்று, சந்தையில் இரண்டு பைகளும் ஒரு சேலையும் வாங்கி, தாகூர் வீட்டின் முன் படமெடுத்துக்கொண்டு, மாலை வண்டியில் திரும்பியவர்களே அவர்களில் அதிகம். அவ்வூர் ஒரு கல்விச்சாலையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். கல்விச்சாலையை அவசரமாகப் பார்க்க இயலாது. மேலும், பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு அங்கே தனிப்பட்ட முறையில் காண வேண்டியவை சில உண்டு. அவற்றையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மரமும்

1863-ஆம் ஆண்டில் மகரிஷி தேவேந்திரநாத தாகூர், பீர்பூம் மாவட்டத்துச் செம்மண் வெளியில் இருபது பிகா நிலத்தை ராய்ப்பூர் ஜமீன்தார்களிடம் பெற்றார். அங்கே நிழல் தந்தவை இரண்டு சாத்திம் மரங்கள். அவற்றின் அடியில் அவர் தியானத்தில் அமர்ந்தார் என்பது வரலாறு. சாத்திம் என்றதும் அது ஏதோ வங்காளத்து மரம் என்று நம் குழந்தைகள் எண்ணிவிட வேண்டாம். வடமொழியில் சப்தபர்ணி எனப்படும் அது, தமிழில் ஏழிலைப் பாலை. ஒரு கணுவைச் சுற்றி ஏழு இலைகள் அமைவதால் வந்த பெயர். ஐப்பசி இரவுகளில் அதன் பூ மணம் வீதி முழுதும் பரவும். இப்பல்கலைக் கழகத்துப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்க்கு அவ்விலைக்கொத்தையே வழங்குவது மரபு. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் இம்மரத்தைக் காட்டித் தொடங்குவது நலம்.

1901-இல் ரவீந்திரநாதர் ஐந்து மாணவர்களுடன் இங்கே தம் பள்ளியைத் தொடங்கினார். சிறுவர்க்குத் தாய்மொழியிலேயே கல்வி, சுவர்களுக்குப் பதிலாக மர நிழல் என்பவை அவர் கொள்கைகள். 1921-இல் அது விசுவபாரதியாக விரிந்தது. 1951-இல் மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. தாய்மொழியை ஊன்றிக் கற்பித்த பள்ளிதான் சீனம் பயிலச் சீன பவனத்தையும் இந்தி பயில இந்தி பவனத்தையும் எழுப்பியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ், வீதியில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று வழக்காடும் பெற்றோர், இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

முதல் நாள்

உத்தராயண வளாகத்திலிருந்து தொடங்கலாம். உதயன், கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீசி என்று குருதேவர் அடுத்தடுத்து வசித்த ஐந்து வீடுகள் அங்கே உள்ளன. இவற்றுள் சியாமளியின் முன் நிதானமாக நில்லுங்கள். கூரையுட்பட மண்ணாலேயே 1935-இல் கட்டப்பட்ட வீடு அது. ஏழைகளுக்கும் ஏற்ற குளிர்ந்த வீடாக அமையுமா என்று பார்ப்பதற்கான சோதனை. 1940-இல் காந்தியடிகளும் கஸ்தூரிபாயும் அதில் தங்கினர். அருகிலுள்ள காட்சிச்சாலையில் குருதேவர் பயன்படுத்திய பொருள்களும் அவருக்கு வந்த பரிசுகளும் இருக்கின்றன. 1913-இல் அவர் பெற்ற நோபெல் பதக்கம் 2004 மார்ச்சில் களவு போயிற்று. பிறகு நோபெல் நிறுவனம் அளித்த பிரதியையே இன்று காணலாம்.

அடுத்து, 1891-இல் திறக்கப்பட்ட உபாசனை மண்டபம். வண்ணக் கண்ணாடிகளால் ஆன இம்மண்டபத்தில் உருவ வழிபாடு இல்லை. புதன்கிழமைக் காலையில் பிரார்த்தனை நடைபெறும். வெண்ணிற ஆடை அணிந்து செல்வது வழக்கம்.

கலா பவனம்தான் நாம் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம். ராம்கிங்கர் பைஜ் 1938-இல் அமைத்த ‘சாந்தால் குடும்பம்’ என்னும் சிற்பம் அங்கே திறந்தவெளியில் நிற்கிறது. வெண்கலத்துக்கு வசதியில்லாத அந்நாளில் அவர் சிமெண்டையும் செம்மண் சரளையையும் கலந்து இதனை உருவாக்கினார். தோளில் காவடி போல் தடி, ஒரு பக்கக் கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, உடன் ஓடிவரும் நாய். வேலை தேடி ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பம் அது. அரசர்க்கும் தலைவர்க்கும் மட்டுமே சிலை எழுந்த காலத்தில், மூட்டை முடிச்சுடன் நடக்கும் ஏழைக் குடும்பத்துக்கு ஆள் உயரத்தை விஞ்சிய சிலை எழுந்தது. தகரப் பெட்டியும் தட்டெழுத்துச் சான்றிதழுமாக ஹௌராவில் வந்திறங்கிய நம் முன்னோரை நினைப்பவர்க்கு அச்சிலை அந்நியமாய்த் தோன்றாது. அருகிலேயே, ஆலைச் சங்கு கேட்டு விரையும் பெண்களைக் காட்டும் 1956-ஆம் ஆண்டுச் சிற்பமும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஊரை விட்டதும் பின் ஆலை வாழ்க்கையில் அகப்பட்டதும் ஒரே கதையின் இரு பகுதிகளாய்த் தோன்றும்.

இந்தி பவனத்தின் சுவர்களில் வினோதவிஹாரி முகர்ஜி 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பக்தி இயக்கத்துப் பெரியோர்களைத் தீட்டினார். கபீர், சூர்தாஸ், துளசிதாசர் ஆகியோரை அங்கே காணலாம். பிறவியிலேயே பார்வைக் குறையுடைய அவர், சுவரின் ஈரச் சாந்து உலருமுன் தீட்டும் கடினமான முறையைக் கையாண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் அவர் கண்ணொளி முழுவதும் போயிற்று. அவருடைய மாணவரான சத்தியஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார்.

அந்தச் சுவர் வேலையில் துணை நின்ற மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் இங்கே ஓவியம் கற்க வந்தார். பின்னர் இங்கேயே பேராசிரியரானார். கலா பவனத்தில் ஒரு கட்டடம் முழுவதையும் சூழ்ந்து நிற்கும் கருப்பு வெள்ளை ஓவியம் அவருடையது. எண்பது வயதைக் கடந்த பின்னும் சாரத்தின் மீதேறி அதனைப் புதிதாய்த் தீட்டினார்.

நம் சங்கீத ரசிகர்களுக்கு ஒரு செய்தி. தென்னாட்டு மாணவி ஒருவர் இங்கே பாடிய கீர்த்தனைகளைக் கேட்டு, குருதேவர் அம்மெட்டுகளில் வங்காளப் பாடல்கள் இயற்றினார். மதுரை மீனாட்சியின் மீது முத்துசுவாமி தீட்சிதர் செய்த ‘மீனாக்ஷி மே முதம்’, இவ்வாறு ‘வாசந்தீ ஹே புவனமோகினீ’ என்னும் வசந்த காலப் பாட்டாயிற்று. இரண்டையும் வீட்டில் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் பயணம் இனிக்கும்.

இரண்டாம் நாள்

காலையில் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீநிகேதனம். 1922-இல் லியனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரின் துணையுடன் குருதேவர் தொடங்கிய கிராமச் சீரமைப்பு நிலையம் அது. உழவு, மலேரியா ஒழிப்பு, நெசவு, தோல் வேலை என்று சுற்றுக் கிராமங்களுக்காக அது உழைத்தது. இன்று நாம் சந்தையில் வாங்கும் தோல் பைகளின் பிறப்பிடம் அம்முயற்சியே.

பிற்பகலில் கோயாய் எனப்படும், மழை அரித்த செம்மண் பள்ளங்களையும் கோபாய் ஆற்றையும் காணலாம். சோனாஜுரி மரங்களின் கீழ் கூடும் சந்தை முதலில் சனிக்கிழமைச் சந்தையாகத் தொடங்கி இன்று பெருகிவிட்டது. காந்தா தையல் சேலைகளை வாங்குவோர் பேரம் பேசுமுன், ஒரு சேலைக்கு எத்தனை மாதம் ஊசி ஓடிற்று என்று தைத்தவரிடமே கேளுங்கள். சாந்தால் கிராமங்களுக்குள் செல்வோர், அனுமதியின்றிப் பிறர் முற்றத்தைப் படமெடுக்க வேண்டாம். தின்ற இலையையும் குடித்த புட்டியையும் காட்டில் எறிந்து வருவது நம் குடும்பங்களுக்கு அழகன்று.

திரும்புமுன், போல்பூர் நிலையத்தருகே ஒரு பழைய ரயில் பெட்டியைக் காணலாம். 1941 ஜூலை 25-இல் நோயுற்ற குருதேவர் சாந்திநிகேதனத்தை விட்டுக் கடைசியாகப் புறப்பட்ட பயணத்தின் நினைவாக அது வைக்கப்பட்டுள்ளது. ஆகஸ்டு 7-இல் ஜோராசாங்கோ வீட்டில் அவர் காலமானார்.

நாம் மறக்கலாகாத இருவர்

சி. எப். ஆண்ட்ரூஸ், டபிள்யூ. டபிள்யூ. பியர்சன் என்னும் இரு ஆங்கிலேயர் பெயரால் சாந்திநிகேதனத்தில் இன்றும் குடியிருப்புப் பகுதிகள் வழங்குகின்றன. இருவரும் குருதேவரிடம் வந்து இப்பள்ளியில் பணியாற்றியவர்கள். 1915-இல் அவர்கள் பிஜித் தீவுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் அடைபட்டிருந்த நம் நாட்டவரின் நிலையை நேரில் கண்டு, அறிக்கை வெளியிட்டனர். அக்கூலிகளில் கல்கத்தாத் துறையில் ஏறிய வடநாட்டவரோடு, சென்னைத் துறையில் கப்பலேறிய தமிழரும் இருந்தனர். பாரதியார் அப்பெண்களை எண்ணிக் கண்ணீர் விட்டுப் பாடினார். இவ்விருவரோ அங்கேயே சென்று சாட்சியம் கொண்டுவந்தனர். 1917-இல் கூலிகளை அனுப்புவது நின்றது. 1920-இல் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

கடல் கடந்த தமிழரின் விலங்கு தளர்வதற்கு உதவிய கைகள் இம்மர நிழலில் பாடம் சொன்ன கைகள். 1940-இல் காலமான ஆண்ட்ரூஸின் கல்லறை நம் கொல்கத்தாவிலேயே, லோயர் சர்குலர் ரோடு கிறிஸ்தவ இடுகாட்டில் உள்ளது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மாலை வைத்து வருவதற்கு நம்மில் எவருக்கும் அதிகப் பொழுது ஆகாது.

சில குறிப்புகள்

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். கோடையில் வெயில் தாங்காது. விசுவபாரதிக்கு வார விடுமுறை புதன்கிழமை; காட்சிச்சாலையும் அன்று மூடியிருக்கும் வழக்கம். 2020-க்குப் பின் வளாகத்துக்குள் பார்வையாளரை அனுமதிக்கும் விதிகள் பலமுறை மாறியுள்ளன. ஆதலால் புறப்படுமுன் பல்கலைக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. மார்கழியில் வரும் பௌஷ மேளாவின்போது அறை கிடைப்பது அரிது. முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஊருக்குள் செல்ல டோட்டோ வண்டிகள் போதும்.

சைவ உணவு வேண்டுவோர் ‘நிராமிஷ்’ என்று சொன்னால் போதும். கசகசா அரைத்துச் சேர்த்த உருளைக்கிழங்கும் உளுத்தம் பருப்பும் பீர்பூம் வீடுகளின் அன்றாட உணவு. நம் நாவுக்கு ஒவ்வாததன்று.

பொங்கல் விடுமுறையில் செல்வோர் அஜய் ஆற்றங்கரையிலுள்ள கேந்துலிக்கும் போய் வரலாம். ஜயதேவர் பிறந்த ஊர் என்று வங்காளிகள் போற்றுவது அது; ஒரிஸ்ஸா நாட்டாரும் அப்பெருமைக்கு உரிமை கொண்டாடுவர். மகர சங்கராந்தியன்று அங்கே பாவுல் பாடகர்கள் கூடி இரவெல்லாம் பாடுவார்கள். நம் பஜனை மடங்களில் தலைமுறை தலைமுறையாய் அஷ்டபதி பாடிவரும் தமிழர், அதனை இயற்றியவரின் பெயர் சொல்லும் மண்ணுக்கு இவ்வளவு அருகில் குடியிருந்தும் காணாதிருப்பது தகுமா?

பிழைப்பு நம்மை இவ்வூருக்குக் கொண்டுவந்தது. இதனை அறிந்து அனுபவிப்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது. இந்த விடுமுறையில் இரண்டு நாட்களை அதற்கென ஒதுக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.